கூகுளையும் பேஸ்புக்கையும் விட்டு விலகுவது எப்படி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் திறமூல மென்பொருளுக்கு மாற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான்கு ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப், மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும் டேட்டா, காற்றும் மழையும் வந்தால் போய்விடும் மின்சாரம் ஆகியவற்றை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

திறமூலம் என்றால் இலவசம் என்பதுதானே?

இல்லை. ஒரு மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், மறுபடி பகிரலாம் என்ற உரிமைதான் திறமூலம். ஜிமெயிலுக்கும் நீங்கள் காசு கட்டுவதில்லை. ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று வெளியாள் யாரும் பார்க்க முடியாது. அதற்காகத் திறமூலமாக இருப்பதெல்லாம் உங்கள் அந்தரங்கத்தைக் காக்கும் என்றும் எண்ண வேண்டாம். செயலி திறந்ததாக இருந்தாலும், உங்கள் படங்களும் கடிதங்களும் யாருடைய சேவையகத்தில் கிடக்கின்றன, அவற்றைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாமா?

வேண்டாம். ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றுபவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே பழையபடி திரும்பிவிடுகிறார்கள். வங்கிச் செய்தி வரவில்லை, பாடசாலைக் குழு தெரியவில்லை, அம்மாவின் அழைப்பு கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்று கையைக் கடிக்கும். முதலில் உலாவி, பிறகு கடவுச்சொற்கள், அதன்பின் படங்களுக்கும் தொடர்பு எண்களுக்கும் சொந்தப் பிரதி. மின்னஞ்சல் மாதக்கணக்கில் மெதுவாக நகர வேண்டியது. லெப்டொப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். போனின் இயங்குதளத்தை மாற்றுவது கடைசி. பலருக்கு அது தேவையே இல்லை.

உலாவியை மாற்றினால் என்ன வித்தியாசம் தெரியும்?

முதலில் தெரிவது டேட்டா. பயர்பொக்ஸை நிறுவி, மெனுவில் நீட்சிகள் பகுதிக்குப் போய் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால், விளம்பரங்களும் உங்களைப் பின்தொடரும் நிரல்களும் இறங்குவதற்கு முன்பே தடுக்கப்படும். தமிழ்ச் செய்தித் தளங்களில் இது நன்றாகத் தெரியும். கட்டுரை சில நூறு சொற்கள்தான், அதைச் சுற்றி ஓடும் விளம்பரங்களும் வீடியோக்களும் அதைப் போலப் பல மடங்கு. சமிக்ஞை ஒரு கோடு மட்டும் நிற்கும் பள்ளத்தாக்குத் தோட்டங்களில், பக்கம் திறக்குமா திறக்காதா என்பதையே இது தீர்மானிக்கும்.

கணினிக் குரோமில் முழு யூபிளொக் ஒரிஜின் இனி இயங்காது. நீட்சிகளின் விதிகளைக் கூகுள் மாற்றிவிட்டதால் சுருக்கிய 'லைட்' பதிப்பு மட்டுமே அதில் உண்டு. அண்ட்ரொயிட் குரோமில் நீட்சிகளே கிடையாது. பயர்பொக்ஸில் இரண்டிலும் முழுப் பதிப்பு வேலை செய்கிறது.

வங்கித் தளமோ அரசாங்கப் படிவமோ பாதியில் நின்றால், யூபிளொக்கைத் திறந்து பெரிய நீலப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். நீட்சியையே நீக்கிவிட வேண்டியதில்லை.

கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, போனில் கீபாஸ்டிஎக்ஸ். இரண்டும் ஒரே கோப்பைத் திறக்கும். கோப்பு பூட்டப்பட்டிருப்பதால் அதைப் பென் டிரைவிலும் வைக்கலாம், லெப்டொப்பிலும் வைக்கலாம். இணையம் தேவையில்லை. பல போன்களுக்கிடையே தானாக ஒத்திசைய வேண்டுமென்றால் பிட்வோர்டன் வசதியானது, அதுவும் திறமூலம்தான்.

முதன்மைக் கடவுச்சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களாக இருக்கட்டும். தமிழ்ச் சொற்களாக இருப்பது நல்லது, ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழ் எழுத்திலேயே வைத்துவிட்டால், தமிழ் விசைப்பலகை இல்லாத ஒரு கணினியின் முன்னால் உட்காரும் நாளில் உங்கள் பெட்டி உங்களுக்கே திறக்காது. பிறந்த திகதி, தோட்டத்தின் பெயர், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் வேண்டாம்.

அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள். கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் இடையே செருக வேண்டாம். லயத்துக் கூரை எந்த மழையில் ஒழுகும் என்று சொல்ல முடியாது. கீபாஸ் கோப்பின் ஒரு பிரதி வேறொரு வீட்டிலும் இருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் வீடே போனவர்களுக்கு, வீட்டுக்குள் வைத்த இரண்டாவது பிரதியால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு ஏஜிஸ் செயலி. அதன் காப்புப் பிரதியை, பூட்டிய கோப்பாக, நிறுவிய அன்றே ஏற்றுமதி செய்யுங்கள். போன் தண்ணீரில் விழுந்த பிறகு அதை எடுக்க வழியில்லை.

கொமினிகேஷன் கடையில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. அங்கே என்ன கவனிக்க வேண்டும்?

எங்கள் பார்வையில் மலையகத்தில் அந்தரங்கம் அதிகம் ஒழுகும் இடம் கூகுள் அல்ல, இதுதான். கடைக்காரர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவரிடமும் மாற்று வழி இல்லை.

வழக்கமாக நடப்பது இது. அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் போனில் படமெடுத்து, கடையின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்புவார்கள். அவர் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்திருக்கும். படம் அங்கே இறங்கி, அச்சாகி வரும். நீங்கள் பிரதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவீர்கள். ஆனால் அந்தப் படம் உங்கள் போனில், கடைப் போனில், கடைக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில், இரு போன்களின் கூகுள் காப்புப் பிரதியில் என்று ஐந்து இடத்தில் தங்கிவிடும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமும் அல்ல. 2016 முதல் வரும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1994 என்று தொடங்கி 532 என்று தொடர்ந்தால், அவர் 1994 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண். இலக்கத்தைப் பார்த்தவருக்கு இவ்வளவும் தெரிந்துவிடும்.

செய்யக்கூடியவை சில உண்டு. பிரதிகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். அச்சிட்டதும் கழற்றிக்கொள்ளுங்கள், கணினிக்குப் பிரதி செய்ய விடாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், படத்தின் குறுக்கே 'இன்ன வங்கிக் கணக்குக்கு மட்டும்' என்றும் திகதியும் எழுதி அனுப்புங்கள். போனின் படத் திருத்தியில் விரலாலேயே எழுதலாம். எழுத்து இலக்கங்களின் மேல் சற்றே ஏறி நிற்க வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். அச்சானதும் வட்ஸ்அப்பில் 'எல்லாருக்கும் அழி' கொடுத்து, "அண்ணே, கணினியிலயும் அழிச்சிருங்க" என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். கடையில் கணக்குத் திறந்தால், மீட்பு இலக்கமாகக் கடையின் இலக்கமும், கடவுச்சொல்லாகக் கடைக்காரர் எல்லாருக்கும் போடும் ஒரே சொல்லும் இடப்படுவது உண்டு. வெளிநாட்டு வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பித்த மின்னஞ்சல் அதுவாக இருந்தால், கடை மூடிய நாளில் கணக்கும் போய்விடும். உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மீட்புத் தொலைபேசி, மீட்பு மின்னஞ்சல், உள்நுழைந்த சாதனங்கள் மூன்றையும் இன்றே பாருங்கள். தெரியாத சாதனத்தை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் கடைக் கணினியில் கிடக்கும் படத்தைச் சட்டம் வந்து அழிக்காது.

தோட்டத்தில் எல்லாரும் வட்ஸ்அப்பில். சிக்னல் செயலிக்குப் போனால் யாருடன் பேசுவது?

நியாயமான கேள்வி. வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தில்தான் போகின்றன, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. அதற்குப் பயன்படுவதும் சிக்னலின் நெறிமுறையே. வேறுபாடு செய்தியைச் சுற்றியுள்ள தகவலில்: யார் யாரோடு, எந்த நேரம், எத்தனை தடவை, எந்தக் குழுக்களில் என்பது. வட்ஸ்அப்பை 2014 இல் பேஸ்புக் வாங்கியது. இந்தத் தகவல் அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கிறது. சிக்னல் ஓர் இலாபநோக்கற்ற அமைப்பால் நடத்தப்படுகிறது. உங்கள் கணக்கைப் பற்றி அது வைத்திருப்பது மிகக் குறைவு.

தோட்டம் முழுவதையும் நகர்த்த முயல வேண்டாம். மூன்று பேரில் தொடங்குங்கள்: வீட்டார், கொழும்பில் வேலை செய்யும் தம்பி அல்லது தங்கை, நெருங்கிய ஒரு நண்பர். குடும்பப் பேச்சும் அடையாள ஆவணங்களும் காசு விடயமும் சிக்னலில் போகட்டும். பாடசாலைக் குழு, சங்கக் குழு, கோயில் திருவிழாக் குழு வட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். இரண்டையும் வைத்திருப்பது தோல்வி அல்ல.

சிக்கல் வரும் இடம் டேட்டா பொதி. வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மட்டும் ஓடும் மலிவான பொதிகளில் சிக்னல் சேராது, சாதாரண டேட்டாவில்தான் ஓடும். பொதி வாங்குமுன் எந்தச் செயலிகள் சேர்ந்தவை என்று பாருங்கள். எழுத்துச் செய்திக்கு ஆகும் டேட்டா மிகச் சொற்பம், வீடியோ அழைப்புத்தான் விழுங்கும். சிக்னல் அமைப்புகளில் 'தரவும் சேமிப்பும்' பகுதியில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்பதைத் தெரிவுசெய்து, படங்கள் தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் வையுங்கள்.

பதிவதற்குத் தொலைபேசி இலக்கம் வேண்டும். ஆனால் 2024 முதல் பயனர் பெயர் வைத்து, இலக்கத்தைக் காட்டாமலே பேசலாம். குழுக்களில் இருக்கும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். பின் இலக்கத்தை வைத்துப் 'பதிவுப் பூட்டை' இயக்குங்கள். ரீலோட் போடாமல் விட்ட சிம் நிறுத்தப்பட்டு, அதே இலக்கம் இன்னொருவருக்குப் போகலாம். பூட்டு இருந்தால், நீங்கள் சிக்னலைத் தொடர்ந்து பாவித்துவரும் வரை அவர் உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது.

காப்புப் பிரதியைத் தொடங்கும்போது சிக்னல் தரும் மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். பழைய போன் கையில் இல்லையென்றால், அது இல்லாமல் புதிய போனில் பழைய செய்திகள் வரவே வராது. வட்ஸ்அப் பழக்கத்தில் வருபவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான்.

வட்ஸ்அப்பிலேயே இருப்பதானால் எதையெல்லாம் மாற்றி வைக்கலாம்?

கூகுள் டிரைவுக்குப் போகும் காப்புப் பிரதிக்கு மறைகுறியாக்கம் தானாக இயங்குவதில்லை. அமைப்புகளில் அரட்டைகள், அரட்டைக் காப்பு என்று போய் நீங்களே இயக்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் வட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. 'இரு படிச் சரிபார்ப்பு' இலக்கத்தை வையுங்கள். குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைச் சொந்தக்காரரின் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அந்தச் சொந்தக்காரரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் புள்ளியும் உள்ள பட்டியலைப் படமாக்கிக் குழுவில் போட வேண்டாம். அந்தந்தப் பெற்றோருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள்.

டெலிகிராம் பாதுகாப்பானது என்கிறார்களே?

சாதாரண அரட்டையும் குழுக்களும் முனைக்கு முனை மறைகுறியாக்கப்படுவதில்லை. அவை நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. இரகசிய அரட்டை தனியாகத் தொடங்க வேண்டியது, இருவருக்கிடையே மட்டும். கடந்தகால வினாத்தாள் பகிர நல்லது. அடையாள அட்டை அனுப்ப அல்ல.

டுபாயில் இருப்பவரோடு சிக்னலில் கதைக்கலாமா?

செய்தியும் குரல் பதிவும் அனுப்பலாம். அழைப்பை நம்பியிருக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்பே தடுக்கப்பட்டிருக்கிறது. சிக்னலுக்கு மாறினால் அது தீரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஜிமெயிலை எப்படி விடுவது?

முதலில் புரோட்டோன் மெயில் அல்லது டூட்டாவில் ஒரு கணக்கை வீட்டில், உங்கள் போனிலேயே திறவுங்கள். புரோட்டோன் சுவிட்சர்லாந்தில், டூட்டா ஜெர்மனியில் இயங்குகிறது. இரண்டும் சுமார் 1 ஜிபி இலவசமாகத் தருகின்றன. மீட்புச் சொற்களையோ குறியீட்டையோ தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கை நீண்ட காலம் திறக்காமல் விட்டால் இரண்டும் அழித்துவிடலாம். டூட்டாவுக்கு 6 மாதம், புரோட்டோனுக்கு 12 மாதம். மாதம் ஒரு தடவையாவது உள்நுழையுங்கள்.

அடுத்து, ஜிமெயிலில் 'முன்னனுப்பு' அமைத்துப் புதிய முகவரிக்கு வரச் செய்யுங்கள். அப்படி வரும் ஒவ்வொரு கடிதமும் இன்னும் மாற்றாத ஒரு கணக்கை நினைவூட்டும். வங்கி, பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சைப் பதிவு, வெளிநாட்டு வேலை முகவர் என்று வரவர மாற்றுங்கள். குறைந்தது ஓர் ஆண்டு பழையதை மூட வேண்டாம். உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி போன்றவை ஆண்டுக்கொரு தடவைதான் வரும்.

பழைய கடிதங்களை இறக்கிக்கொள்ளக் கூகுள் டேக்அவுட் என்ற கூகுளின் சேவை உண்டு. எல்லாவற்றையும் தெரிவுசெய்தால் பல ஜிபி வரும். அஞ்சலையும் தொடர்புகளையும் மட்டும் தெரிவுசெய்யுங்கள். பதிவிறக்க இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காலாவதியாகும், ஆகவே இரவு நேர டேட்டா மிச்சமிருக்கும் நாளில் கேளுங்கள். கிடைக்கும் கோப்பைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் திறக்கலாம்.

கூகுள் படிவத்தில் கோப்பு ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கு இல்லாமல் முடியாது. அதற்காக ஒரு வெறுங்கணக்கை வைத்திருப்பது தப்பில்லை. ஆனால் இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்குகளைக் கூகுள் அழிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களைக் கூகுள் போட்டோஸ் இல்லாமல் எப்படிக் காப்பது?

சின்க்திங் என்ற ஒத்திசைவுச் செயலியால். போனும் லெப்டொப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் படங்கள் நேராகப் போகும். வைஃபை இல்லாவிட்டால் போனின் ஹொட்ஸ்பொட்டிலேயே லெப்டொப்பை இணையுங்கள். இரண்டுக்கும் இடையிலான பரிமாற்றத்துக்கு டேட்டா செலவாகாது. அண்ட்ரொயிட்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. எஃப்-ட்ரொயிட் என்ற செயலிக் களஞ்சியத்தில் (கீழே பார்க்க) 'சின்க்திங்-ஃபோர்க்' என்பதை எடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி அல்ல. போனில் அழித்தால் லெப்டொப்பிலும் அழியும். போனின் பக்கத்தில் கோப்புறையை 'அனுப்ப மட்டும்' என்றும், லெப்டொப்பில் 'கோப்புப் பதிப்புகள்' என்பதை இயக்கியும் வைத்தால், அழித்த படம் லெப்டொப்பில் ஒரு மறைகோப்புறையில் எஞ்சும். ஷவ்மி, சம்சுங் போன்களில் மின்கலச் சேமிப்பு இந்தச் செயலியை உறங்கவைத்துவிடும். அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கும் பிரதி எடுங்கள். அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நுவரெலியாப் பனியும் ஈரமும் புத்தகத்தை மட்டுமா பூசணம் பிடிக்க வைக்கின்றன?

விண்டோஸ் 10 நின்றுவிட்டது. பழைய லெப்டொப்பை என்ன செய்வது?

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரையும் கேட்கிறது. கொழும்பிலிருந்து வாங்கிவரும் பாவித்த லெப்டொப்களில் பலதும் இதில் அடிபடும். அவை குப்பை அல்ல. விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் என்ற திறமூல இயங்குதளம் அவற்றில் நன்றாக ஓடும்.

மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரெம், வசதியாக 4 ஜிபி. 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 இருந்தால் சினமன். செலவழிக்கக் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ரெம்முக்கு அல்ல, எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். சுழலும் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லெப்டொப் வேறு லெப்டொப் மாதிரி இருக்கும்.

நிறுவல் கோப்பு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இரவு டேட்டாவில் இறக்குங்கள். இறங்கியதும் ஷா256 கூட்டெண்ணை (கோப்பு சேதமின்றி இறங்கியதா என்று காட்டும் எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சமிக்ஞை அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு பாதியில் கெட்டிருப்பது இங்கே அடிக்கடி நடக்கும், அது நிறுவலின் நடுவில்தான் தெரியும். 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் எழுதுங்கள். டிரைவில் இருந்தது எல்லாம் அழியும்.

லெப்டொப்பைத் திறக்கும்போது துவக்க மெனு விசையை விட்டு விட்டு அழுத்துங்கள்: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தொடுதளம், பிரகாச விசைகள், கெமரா ஐந்தையும் சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் பதற வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுத்து, டிரைவர் மெனேஜரைத் திறந்தால் புரோட்கொம் சில்லுக்கான டிரைவர் பெரும்பாலும் அங்கே காட்டும்.

மின்கலம் செத்த லெப்டொப் என்றால் மழை இல்லாத நேரம் பார்த்து நிறுவுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி வருமுன் சார்ஜரையும் ரவுட்டரையும் கழற்றிவிடுங்கள். நிறுவி முடிந்ததும் முதல் வேலை டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்குவது. புதுப்பிப்பு நடுவில் மின்சாரம் போய் எதாவது குழம்பினால், முந்திய நாளுக்குத் திரும்ப அது ஒன்றே போதும். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. உங்கள் படங்களையும் கோப்புகளையும் அல்ல.

பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் இருக்கின்றனவே, அவை என்ன ஆகும்?

சங்கக் கடிதங்கள், பாடசாலை வினாத்தாள்கள், கோயில் கணக்குகள் என்று ஏராளமானவை இன்னும் பாமினியில் கிடக்கின்றன. பாமினி தமிழ் எழுத்துக்களை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் வரைந்து வைத்த எழுத்துரு. கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை புரியாத ஆங்கிலக் கோர்வையாகத் தெரியும். தேடலிலும் அகப்படாது.

உடனடித் தீர்வு: பாமினி எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்து லினக்ஸில் நிறுவினால் லிப்ரே ஒபிஸில் முன்போலவே தெரியும். நிலையான தீர்வு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாற்றுவது. முழுப் பக்கத்தையும் மாற்றியில் போட்டால், நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் வாகன இலக்கங்களும் தமிழ்க் குப்பையாக மாறும். லிப்ரே ஒபிஸின் 'தேடி மாற்று' பெட்டியில் வடிவமைப்பைத் திறந்து எழுத்துருவாகப் பாமினியைக் கொடுத்து, எல்லாவற்றையும் கண்டுபிடி என்றால், பாமினிப் பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பின் 'கொ', 'கோ', 'கௌ' உள்ள சொற்களைப் பாருங்கள். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டப்படும். யுனிகோட்டில் 'க' முதலில், குறி பிறகு. மட்டமான மாற்றி இதைச் சரியாகத் திருப்பாது. கொம்பு தனியாக, ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். அப்படிக் கண்டால் அந்த மாற்றியை விடுங்கள். ஆட்களின் பெயரும் சம்பளமும் உள்ள கடிதங்களை இணையத்தில் இருக்கும் மாற்றித் தளங்களில் ஒட்ட வேண்டாம். கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பாவியுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

தட்டச்சுக்கு: மின்டில் ஐபஸ், எம்17என் தொகுப்பை நிறுவினால் ரெங்கநாதன் தளக்கோலம், தமிழ்99, தட்டச்சுப் பொறிக் கோலம் எல்லாம் வரும். பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு ரெங்கநாதன் நெருக்கமானது. லிப்ரே ஒபிஸின் மொழி அமைப்பில் 'சிக்கலான உரை அமைப்பு' என்பதை இயக்கித் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே தமிழுக்கு எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்திலிருந்து தனியாக வைக்கப்படும். 'அளவை 12 ஆக்கினேன், தமிழ் மட்டும் மாறவில்லை' என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பிறருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

பிரிண்டர் வேலை செய்யுமா?

எச்பி பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். எப்சன் எல் வரிசையும் பிரதரும் டிரைவர் நிறுவினால் ஓடும். கெனன் எல்பிபி2900 வைத்திருந்தால் பொறுமை வேண்டும். அதன் கெப்ட் டிரைவர் லினக்ஸில் தொல்லை தருவது. அலுவலகத்தில் அந்த ஒரு பிரிண்டர்தான் என்றால், ஒரு கணினியையாவது விண்டோஸிலேயே விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

எஃப்-ட்ரொயிட் என்றால் என்ன? அதிலிருந்து நிறுவுவது ஆபத்தா?

திறமூலச் செயலிகள் மட்டும் உள்ள களஞ்சியம், 2010 முதல் இயங்குகிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் நிறுவியை இறக்குங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய நிறுவியைத் தொடாதீர்கள். போன் எச்சரிக்கும்போது அந்த உலாவிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, நிறுவிய பின் அனுமதியைத் திருப்பி எடுங்கள். நியூபைப்பில் யூடியூப்பை விளம்பரமில்லாமல், ஒலியை மட்டும்கூடக் கேட்கலாம். யூடியூப் எதையாவது மாற்றும்போது சில நாள் நின்றுபோகும், புதுப்பித்தால் சரியாகும். கோப்புகளைப் பகிர ஷெயார்இட்டுக்குப் பதில் லோக்கல்சென்ட்.

போனிலேயே கூகுள் இல்லாத இயங்குதளம் போடலாமா?

கிராஃபீன் ஓஎஸ் கூகுளின் பிக்சல் போன்களுக்கு உரியது. லினியேஜ் ஓஎஸ் வேறு பல போன்களில் ஓடும், ஆனால் உங்கள் மொடல் இலக்கம் பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும், 'கிட்டத்தட்ட அதே' என்பது போனைச் செங்கல்லாக்கும். துவக்கப் பூட்டைத் திறந்தால் போனில் உள்ளது எல்லாம் அழியும். சில வங்கிச் செயலிகள் அதன்பின் திறக்காது. ஒரே ஒரு போன்தான், அதில்தான் வங்கி வேலை என்றால் செய்ய வேண்டாம். பதிலாக, அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். போனோடு வந்த பேஸ்புக் செயலியை முடக்குங்கள். ஒவ்வொரு செயலிக்கும் இருப்பிட அனுமதியைத் திரும்பப் பாருங்கள். முக்கால்வாசிப் பயன் இதிலேயே கிடைக்கும்.

விபிஎன் கட்டாயமா?

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக மறைத்து அனுப்பும் சேவை. அன்றாடத்துக்கு அது தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அப்போது கண்ணில் பட்ட இலவச விபிஎன் எல்லாம் போன்களில் ஏறின, பலவும் இன்னும் இறங்கவில்லை. இப்போதே பட்டியலைப் பார்த்து அவற்றை நீக்குங்கள். தேவைப்பட்டால் புரோட்டோன் விபிஎன்னின் இலவசப் பதிப்பு திறமூலம், டேட்டா வரம்பும் இல்லை. முன்கூட்டியே நிறுவி வையுங்கள்.

கூகுள் வரைபடத்தில் எங்கள் டிவிஷனே இல்லை. திறந்த வரைபடத்தில் சேர்க்க முடியுமா?

முடியும், யாரும் சேர்க்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மெப்பில் கணக்குத் திறந்து, மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், லயங்கள், பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், வாய்க்கால் ஓரக் குறுக்குப் பாதை எல்லாவற்றையும் வரையலாம். பெயருக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் புலம் உண்டு, தமிழ்ப் புலத்தில் ஊரார் சொல்லும் பெயரையே எழுதுங்கள். ஒர்கானிக் மெப்ஸில் இலங்கை வரைபடத்தை ஒரு தடவை இறக்கி வைத்தால், சமிக்ஞை இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் மட்டும் வைத்து வழி பார்க்கலாம். அம்பியுலன்ஸ் சாரதிக்கு வழி சொல்லும் நேரத்தில் இது எவ்வளவு உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி செய்யக் கூடாது, உரிமம் அனுமதிக்காது. நடந்து பதிவுசெய்த பாதை, நேரில் தெரிந்த பெயர், திருத்தியில் தரப்படும் செய்மதிப் படம் மட்டும். வீட்டுக்காரர் பெயர்களைப் போட வேண்டாம், லய இலக்கம் போதும். நீங்கள் சேர்த்த பாதை உங்கள் போனின் வரைபடத்தில் தெரிய, ஒர்கானிக் மெப்ஸின் அடுத்த வரைபடப் புதுப்பிப்பு வரை சில வாரம் காத்திருக்க வேண்டும்.